ஆர்லாண்டோவில் தினமும் மழை என்கிறார்கள், அப்புறம் எப்படி வறட்சி?

கேள்வி – நியூ ஜெர்சி வாசகர், ஏப்ரல் 19, 2017

ஜூன் கடைசியில் குடும்பத்தோடு டிஸ்னி வேர்ல்ட் போக எல்லாம் பதிவு செய்தாகிவிட்டது. ஆபீஸில் ஒருவர் "ஜூனில் அங்கே தினமும் மழை கொட்டும், பணம் தண்டம்" என்கிறார். செய்தியைத் திறந்தால் ஃபுளோரிடாவில் வறட்சி, காட்டுத்தீ, கவர்னர் அவசரநிலை அறிவிப்பு. ஒரே ஊரில் இரண்டும் எப்படி இருக்கும்? எனக்கென்னவோ டிவிக்காரர்கள் ஊதிப் பெருக்குகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 19, இரவு

இரண்டும் உண்மை. ஊதிப் பெருக்கவில்லை.

நான் இருப்பது கிஸ்ஸிம்மி பக்கம். டிஸ்னிக்கு வருகிறவர்கள் தங்கும் வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்வது வேலை: நீச்சல் குளம், புல்தரை, ஏசி, சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி. வானிலை எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு.

இங்கே வருடத்துக்குச் சுமார் 50 அங்குல மழை. அதில் பாதிக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஏப்ரலில் சராசரி இரண்டரை அங்குலம்தான். குளிர்காலத்து மழையும் பொய்த்துவிட்டால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் காய்ந்து கிடக்கும். இந்த வருடம் அதுதான் நடக்கிறது. போன அக்டோபரில் மேத்யூ புயல் போனதோடு சரி, அப்புறம் சொல்லிக்கொள்ளும்படி மழையே இல்லை. ஏப்ரல் 11 அன்று கவர்னர் அவசரநிலை அறிவித்தது காட்டுத்தீக்காகத்தான்.

ஜூன் கடைசியில் வருகிறீர்கள். வறட்சியைப் பற்றிக் கவலை வேண்டாம். மழையைப் பற்றியும் உங்கள் ஆபீஸ்காரர் அளவுக்குக் கவலை வேண்டாம். காரணத்தை நாளை எழுதுகிறேன், ஒரு வீட்டில் ஸ்பிரிங்க்ளர் உடைந்திருக்கிறது.

ஏப்ரல் 21

சரி, மழைக்கு வருவோம். ஃபுளோரிடா இரண்டு கடலுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். கோடையில் காலை பத்து மணிக்கே தரை கொதிக்கும். கிழக்கே அட்லாண்டிக்கிலிருந்து ஒரு கடற்காற்று, மேற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து இன்னொன்று, இரண்டும் உள்ளே நகர்ந்து எங்கோ நடுவில் மோதும். அந்த நடு பெரும்பாலும் நாங்கள்தான். மோதிய இடத்தில் ஈரக்காற்று நேராக மேலே எழும்பி இடிமேகம் ஆகும். டாம்பாவிலிருந்து டைட்டஸ்வில் வரை போகும் பட்டையை மின்னல் சந்து என்றே சொல்வார்கள். டிஸ்னியும் யுனிவர்சலும் அதற்குள்தான் இருக்கின்றன.

வருகிறவர்களுக்குப் புரிய வேண்டியது இது: இது நாள் முழுக்கப் பிடித்துக்கொள்ளும் அடைமழை இல்லை. காலையில் பளிச்சென்று இருக்கும். மதியம் கருக்கும். ஒரு மணி நேரம் பேய் மழை. அப்புறம் வெயில், கூடவே தாங்க முடியாத புழுக்கம். நாள் முழுக்க மழை என்றால் அது புயல்சின்னத்தின் வேலை, கணக்கு வேறு.

ஏப்ரல் 21, சற்று நேரம் கழித்து

ஒருவர் தனிமடலில், "அப்படியானால் மூன்று மணிக்குச் சரியாக மழை என்று வைத்துக்கொள்ளலாமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறார். ரயில் நேரம் மாதிரி வைத்துக்கொள்ள முடியாது. மேலே வீசும் காற்று எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. கிழக்கிலிருந்து வீசினால் அட்லாண்டிக் பக்கத்துக் கடற்காற்று சீக்கிரம் உள்ளே வந்துவிடும். எங்களுக்கு மதியமே மழை, அப்புறம் மேகம் டாம்பா பக்கம் போய்விடும். தென்மேற்கிலிருந்து வீசினால் மோதல் எங்கள் தலைக்கு மேலேயோ இன்னும் கிழக்கேயோ நடக்கும். அது மாலையில் வரும், பலமாகவும் வரும். தென்மேற்குக் காற்று என்று காலையில் தெரிந்தால் நான் குளத்தோர நாற்காலிகளை எல்லாம் அப்போதே உள்ளே எடுத்து வைத்துவிடுவேன்.

ஏப்ரல் 23

தண்ணீர் ஆவியாகாமல் இருக்க வைகை அணையில் தெர்மாகோல் அட்டையை மிதக்கவிட்ட படத்தைப் போட்டு "இதை ஆர்லாண்டோவில் செய்யலாமே" என்று கேட்டவருக்கு: இங்கே காற்று அதைவிட வேகம். அட்டை மதுரைக்கே வந்து சேரும்.

ஆனால் ஆவியாகிப் போவது விளையாட்டு இல்லை. ஏப்ரலில் ஈரப்பதம் குறைவு, காற்று அதிகம், வெயில் அதிகம். நீச்சல் குளம் ஒரு நாளைக்குக் கால் அங்குலம் இறங்கும். ஒரு வாரம் யாரும் பார்க்கவில்லை என்றால் நீர்மட்டம் ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணீரை பம்புக்கு இழுக்கும் துளை) வாய்க்குக் கீழே போய், பம்ப் காற்றை இழுத்து, சூடாகி, போய்விடும். பம்ப் விலை வீட்டின் ஒரு வார வாடகைக்கும் மேல்.

வீட்டுக்காரர்கள் எங்கோ மான்செஸ்டரில் இருப்பார்கள். தண்ணீர் பில் வந்ததும் "குளம் ஒழுகுகிறது" என்று போன். அதற்கு ஒரு வாளி போதும். வாளியில் குளத்துத் தண்ணீரை ஊற்றி இரண்டாவது படியில் வையுங்கள். பாதி முழுகியிருக்க வேண்டும், உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். வாளியின் உள்பக்கம் ஒரு டேப், வெளிப்பக்கம் ஒரு டேப். மறுநாள் அதே நேரம் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் சூரியன் குடித்தது. வெளியே அதிகமாக இறங்கியிருந்தால் ஒழுகல். வறட்சிக் காலத்தில் வரும் ஒழுகல் புகார்களில் பெரும்பாலானவை சூரியன்தான். தெரிந்தே செய்ய வேண்டிய ஒரே ஜாக்கிரதை, வாளி இருக்கும்போது குழந்தைகளைக் குளத்தில் இறங்க விடாதீர்கள். ஒரு பையன் டேப்பைப் பிய்த்து மூக்கில் மீசையாக ஒட்டிக்கொண்டான்.

ஏப்ரல் 24

போல்க் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) இந்தியன் லேக் எஸ்டேட்ஸுக்குள் தீ புகுந்து வீடுகள் எரிந்திருக்கின்றன. டிஸ்னியிலிருந்து தள்ளித்தான், தெற்கே. நம் பக்கம் புகை வாடைதான். காலையில் குளத்தின் மேல் கறுப்பாகப் பொடிப்பொடியாக மிதக்கிறது. குளத்தைச் சுற்றிக் கொசுவலைக் கூண்டு இருந்தும் சாம்பலுக்குத் தடையில்லை.

விருந்தாளி ஒருவர் "யாரோ பக்கத்தில் பார்பெக்யூ போடுகிறார்கள், நிறுத்தச் சொல்லுங்கள்" என்று காலை ஆறரைக்குப் போன் செய்தார். எரிந்துகொண்டிருந்தது பல மைலுக்கு அப்பால் ஒரு பைன் காடு.

ஏப்ரல் 27

"வறட்சியால் டிஸ்னியில் எந்த ரைடாவது நின்றிருக்கிறதா?" இல்லை. நல்ல கேள்வி, ஏனென்றால் பதில் தலைகீழ். வறட்சியில் பூங்கா பிரமாதமாக ஓடும். மழை இல்லை, அணிவகுப்பு ரத்து இல்லை, வாணவேடிக்கை ரத்து இல்லை. மழையில்தான் நிற்கும். அதுவும் மழைக்காக அல்ல, மின்னலுக்காக. மின்னல் நெருங்கினால் பிக் தண்டர் மவுண்டன், செவன் டுவார்ஃப்ஸ், டெஸ்ட் டிராக் போன்ற திறந்தவெளி ரைடுகள் நிற்கும், ஏரிப் படகும் நிற்கும். பைரேட்ஸ், ஹாண்டட் மேன்ஷன் போன்ற கூரைக்குள் இருப்பவை ஓடும். எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள் என்பது வேறு விஷயம்.

ஆக, பூங்காவுக்குள் நிற்கிறவருக்கு வறட்சி என்பது நல்ல வானிலை. வேலிக்கு வெளியே இருக்கிறவருக்குத்தான் அது வறட்சி. பத்திரிகைகள் ஏப்ரலை "டிஸ்னிக்குப் போக மிகச் சிறந்த மாதம்" என்று எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

மே 2

பழைய ஆட்கள் 1998ஐப் பற்றிப் பேசாமல் விடமாட்டார்கள். ஒருவர் கேட்டதால் எழுதுகிறேன், நான் அப்போது இங்கே இல்லை.

97-98 குளிர்காலம் எல் நினோ. மழையோ மழை. பிப்ரவரியில் கிஸ்ஸிம்மி பக்கம் சூறாவளிச் சுழல்காற்று அடித்து மத்திய ஃபுளோரிடாவில் 42 பேர் செத்தார்கள். அந்த மழையில் காட்டுக்குள் புதரும் புல்லும் மதமதவென்று வளர்ந்தன. ஏப்ரலில் மழை திடீரென்று நின்றது, மேயும் ஜூனும் காய்ந்தன. வளர்ந்ததெல்லாம் விறகு. ஏறக்குறைய 5 லட்சம் ஏக்கர் எரிந்தது. ஜூலை தொடக்கத்தில் ஃபிளாக்லர் கவுண்டி முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். ஐ-4, ஐ-95 சாலைகளில் சில பகுதிகளை மூடினார்கள். டேடோனாவில் ஜூலை நாலாம் தேதி வாரத்தில் நடக்க வேண்டிய கார் பந்தயத்தையே அக்டோபருக்குத் தள்ளினார்கள். அந்த ஏப்ரல் 22ல்தான் டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்கா திறந்திருந்தது.

அதனால், "குளிர்காலம் நல்ல மழை, இந்த வருடம் தீ பயமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மே 3

மேலே சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள்: பயப்பட வேண்டியது தீயைவிடப் புகை. 2008 ஜனவரியில் போல்க் கவுண்டியில் ஐ-4ல் விடிகாலைப் பனியும் காட்டுத்தீப் புகையும் கலந்து எதிரே எதுவும் தெரியாமல் 70 வண்டி மோதிக்கொண்டன. ஆர்லாண்டோவுக்கும் டாம்பாவுக்கும் நடுவே, நம் மக்கள் டிஸ்னி முடித்துவிட்டு புஷ் கார்டன்ஸ் போகும் அதே சாலை. வறண்ட மாதத்தில் வந்தால் விடிவதற்கு முன் அந்தச் சாலையில் போகாதீர்கள். மற்றபடி நிம்மதியாக இருங்கள்.

மே 9

புல் விவகாரம். ஆரஞ்சு கவுண்டியில் கோடை நேரக் கணக்கு (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பது) நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் புல்லுக்குத் தண்ணீர். வீட்டு எண் ஒற்றைப்படை என்றால் புதன், சனி. இரட்டைப்படை என்றால் வியாழன், ஞாயிறு. காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை கூடவே கூடாது. அரசு இப்படிச் சொல்லும். குடியிருப்புச் சங்கம், "உங்கள் புல் பழுப்பாக இருக்கிறது, சரிசெய்யாவிட்டால் அபராதம்" என்று கடிதம் போடும். இரண்டு கடிதமும் ஒரே தபால் பெட்டியில் வரும்.

செயின்ட் அகஸ்டின் என்கிற இந்தப் புல் தாகம் எடுத்தால் முதலில் நீலச் சாம்பல் நிறமாகும், இலை இரண்டாக மடியும், காலால் மிதித்தால் நிமிராது, உங்கள் செருப்புத் தடம் அப்படியே இருக்கும். அந்தக் கட்டத்தில் தண்ணீர் விட்டால் பிழைக்கும். பழுப்பானதும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், சிஞ்ச் பூச்சி தின்றதா என்று பாருங்கள். பூச்சி என்றால் எத்தனை தண்ணீர் விட்டாலும் வீண்.

மே 10

"டிஸ்னிக்கு மட்டும் எப்படிப் பச்சை? பெரிய ஆட்களுக்குத் தனிச் சட்டமா?" என்று ஒருவர் பொங்கியிருக்கிறார். தனிச் சட்டம் இருப்பது உண்மை. 1967ல் ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டம் என்று தனியாகவே உருவாக்கிக் கொடுத்தார்கள், கிட்டத்தட்ட ஒரு குட்டி அரசாங்கம். ஆனால் பச்சைக்குக் காரணம் பெரும்பாலும் சாக்கடை. அங்கே வரும் லட்சக்கணக்கானவர்கள் பயன்படுத்திய தண்ணீரைச் சுத்திகரித்துப் புல்லுக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் விடுகிறார்கள். ஆர்லாண்டோவும் ஆரஞ்சு கவுண்டியும் 1986லிருந்து அதே மாதிரி சுத்திகரித்த தண்ணீரை ஆரஞ்சுத் தோப்புகளுக்குக் கொடுக்கின்றன. மிச்சத்தை மணலில் விட்டு நிலத்துக்குள் இறக்குகிறார்கள். குடிக்கும் தண்ணீர் எல்லோருக்கும் அடியிலிருக்கும் சுண்ணாம்புப் பாறை ஊற்றிலிருந்துதான் வருகிறது, டிஸ்னிக்கும் சேர்த்து.

அந்த ஊற்று தீராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். போல்க் கவுண்டியில் கிஸ்ஸிங்கன் ஊற்று என்று ஒன்று, ஊரே குளித்து விளையாடிய இடம், 1950ல் நின்றேவிட்டது. சுற்றிலும் அத்தனை பம்ப்.

மே 16

டிஸ்னியைச் சதுப்பு நிலத்தில் கட்டியவர்களுக்கு முதல் பிரச்சினை தண்ணீர் இல்லை என்பதல்ல, தண்ணீர் போகமாட்டேன் என்றது. ஜோ பாட்டர் என்ற ராணுவ ஜெனரல், அதற்கு முன் பனாமா கால்வாய்ப் பகுதியின் கவர்னர். அவரைக் கூட்டிவந்து 40 மைலுக்கு மேல் கால்வாய் வெட்டினார்கள். நேர்க்கோடாக வெட்டினால் அசிங்கம் என்று ஓடை மாதிரி வளைத்து வெட்டினார்கள். அதில் எனக்குப் பிடித்தது மதகுகள். மின்சாரம் கிடையாது, ஆள் கிடையாது. தண்ணீர் மட்டம் ஏறினால் மிதவை தூக்கிக் கதவு தானே திறக்கும், இறங்கினால் தானே மூடும். மழையில் வெள்ளத்தை வெளியே விடும், வறட்சியில் இருப்பதைப் பிடித்து வைக்கும். கரண்ட் போகும் புயல் இரவில் இதைவிட நல்ல ஏற்பாடு ஏது?

டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் நீங்கள் நடப்பது முதல் மாடி. கீழே ஊழியர்களின் சுரங்கப் பாதைகள். சுரங்கம் தோண்டவே இல்லை, தோண்டினால் ஊறிவிடும். தரைமட்டத்தில் பாதையைக் கட்டி, எதிரே செவன் சீஸ் லகூனுக்குத் தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள்.

மே 17

யாரோ "அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்றார். ரீடி கிரீக் ஓடை வழியாகத் தெற்கே கிஸ்ஸிம்மி ஏரிகள், கிஸ்ஸிம்மி ஆறு, ஓகீசோபி ஏரி, கடைசியில் எவர்கிளேட்ஸ். அந்த ஆற்றையும் 60களில் வெள்ளத்துக்குப் பயந்து நேராக்கினார்கள். 103 மைல் நெளிந்து போன ஆறு 56 மைல் கால்வாய் ஆயிற்று. 1999ல் கோடிக்கணக்கில் செலவழித்து மறுபடி வளைக்கத் தொடங்கினார்கள். வறட்சி வந்தால் மொத்தச் சங்கிலியும் இளைக்கும். 2007ல் ஓகீசோபி 8.82 அடிக்கு இறங்கியது, அதுவரை அவ்வளவு இறங்கியதே இல்லை.

மே 26

நேற்று யுனிவர்சலில் வால்கேனோ பே திறந்துவிட்டார்கள். ஊர் காய்ந்து கிடக்கும்போது புத்தம்புது நீர்ப் பூங்கா. திட்டுகிறவர்கள் திட்டட்டும், கணக்குப் பார்த்தால் அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, ஆவியாவதும் சிதறுவதும்தான் நஷ்டம். ஊர் முழுக்க இருக்கும் புல்தரை அதைவிட எத்தனையோ மடங்கு குடிக்கிறது. ஆனால் பார்வைக்கு நன்றாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீர்ப் பூங்காவுக்கு நிஜமான எதிரி ஜூன்தான். ஒரு மின்னல் போதும், அத்தனை பேரையும் தண்ணீரை விட்டு வெளியேற்றிவிடுவார்கள். ஏற்கனவே நனைந்திருப்பவர்கள் மழைக்கு ஒதுங்கி நிற்பதைப் பார்க்க வேண்டுமே.

ஜூன் 8

வந்துவிட்டது. இந்த வாரம் சரியான மழை. பழுப்புப் புல் நான்கு நாளில் பச்சை. சங்கத்துக் கடிதத்துக்குப் பதிலே எழுதவில்லை, மழை எழுதிவிட்டது.

புகார்களும் மாறிவிட்டன. போன மாதம் "குளத்தில் தண்ணீர் இல்லை". இந்த மாதம் "குளம் வழிகிறது", "குளம் பச்சையாகிவிட்டது", "குளத்து விளக்கு எரியவில்லை". பெருமழை குளோரினை நீர்க்கச் செய்யும், பாசி பிடிக்கும். விளக்கு எரியாதது மின்னலில் டிரிப் ஆன பிரேக்கர், விருந்தாளிகள் தொடாமல் என்னைக் கூப்பிடுங்கள்.

ஜூன் 11

மழை வந்ததும் வறட்சி முடிந்தது என்று யாரும் இருக்காதீர்கள். சிங்க்ஹோல் (தரை திடீரென்று உள்ளே இறங்கி விழும் குழி) பயம் இப்போதுதான். அடியில் சுண்ணாம்புப் பாறைக்குள் குகைகள். வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அந்தக் குகைகளுக்குத் தாங்கல் போய்விடும். மேலே மணல் உலர்ந்து லேசாக இருக்கும்வரை நிற்கும். திடீர் மழையில் மணல் கனத்ததும் இறங்கும். 1981 மே மாதம் வின்டர் பார்க்கில் ஒரு வீடு, சில போர்ஷ் கார்கள், ஊர் நீச்சல் குளத்தில் ஒரு பகுதி என்று விழுங்கியது, அது வறட்சிக் காலம். இப்போது அது ஒரு ஏரி. 2013 ஆகஸ்டில் டிஸ்னிக்குப் பக்கத்திலேயே கிளெர்மாண்டில் விடுமுறை விடுதிக் கட்டடம் ஒன்று ராத்திரியில் இறங்கியது. ஜன்னல்கள் உடையும் சத்தத்தில் எழுந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், ஒருவருக்கும் காயமில்லை.

வறட்சி மட்டுமல்ல, குளிரும் செய்யும். 2010 ஜனவரியில் பிளான்ட் சிட்டியில் ஸ்ட்ராபெரியைப் பனியிலிருந்து காப்பாற்ற விவசாயிகள் இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்துத் தெளித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குழிகள் விழுந்தன.

இதைப் படித்துவிட்டுப் பயணத்தை ரத்து செய்வதாக எழுதியவருக்கு: ஐ-4ல் வண்டி ஓட்டுவது இதைவிடப் பல மடங்கு ஆபத்து.

ஜூன் 30

நியூ ஜெர்சிக்காரர் வந்து போய்விட்டார். தினமும் மழை பெய்ததாம், இரண்டு நாள் அணிவகுப்பு ரத்தாகி அதற்குப் பதில் சின்னதாக ஒரு மழை ஊர்வலம் பார்த்தார்களாம், குழந்தைக்கு அதுதான் பிடித்ததாம். "காலை ஏழரைக்கே வாசலில் நின்றோம், ஒன்றரைக்கு அறைக்குத் திரும்பித் தூங்கினோம், ஆறு மணிக்கு மறுபடி போனோம்" என்கிறார். சரியான முறை. மழைக்கு நடுவே பாஞ்சோ (பிளாஸ்டிக் மழை அங்கி) மாட்டிக்கொண்டு, ஸ்ட்ரோலருக்கும் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு வரிசையில் வேகிறவர்களுக்குத்தான் பணம் தண்டம். பாஞ்சோவையும் ஊரிலேயே வாங்கி வாருங்கள், உள்ளே விலை கொள்ளை.

ஆகஸ்ட் 20

நாளை சூரிய கிரகணம், எங்களுக்குப் பாதிக்கு மேல் மறையும், உச்சம் மதியம் மூன்றை ஒட்டி. கோடை பூராவும் மூன்று மணி மேகத்தைத் திட்டுகிறவர்கள்கூட, நாளைக்கு மட்டும் மேகம் வராது என்று நம்பி, கிரகணக் கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 14

இர்மா புயல் போய்விட்டது. நாங்கள் சுகம். பூங்காக்கள் ஞாயிறு, திங்கள் இரண்டு நாள் மூடி, செவ்வாயன்று திறந்துவிட்டன. உள்ளே மரம் சாய்ந்ததோடு சரி, கால்வாய்கள் வேலை செய்தன. ஊருக்குள் அப்படி இல்லை. ஆர்லோ விஸ்டாவில் விடியும் முன் தேசிய காவல்படை வந்து மக்களைப் படகில் ஏற்றியது. கிஸ்ஸிம்மியில் ஷிங்கிள் கிரீக் கரையில் முதியோர் குடியிருப்பு முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. ஏப்ரலில் நான் அந்த ஓடையின் மணலைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே வருடம்தான். ஏப்ரலில் அவசரநிலை தீக்கு, செப்டம்பரில் புயலுக்கு.

செப்டம்பர் 15

டிசம்பருக்கு வரலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வரலாம். மழை அதிகம் இருக்காது, புழுக்கம் இருக்காது, கூட்டம் கழுத்தை நெரிக்கும். குளத்துக்கு ஹீட்டர் போடச் சொன்னால் நாளுக்குத் தனிக் கட்டணம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தண்ணீர் சூடாக ஒரு நாள் ஆகும். மழை பெய்ததால் வாடகையில் தள்ளுபடி கேட்டு நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். புயலன்று வீட்டைக் காலி செய்தவர்களுக்குப் பணம் திருப்பியாயிற்று. ஜூலை மாத இடிமழைக்குக் கிடையாது.